நான் அழித்த பதினொரு கம்பங்கள்

தை மாதம். பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டதால் கள்ளக்குறிச்சியில் எங்கள் ஸ்டூடியோவில் ஆல்பம் வேலை தலைக்கு மேல் கிடந்தது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மாப்பிள்ளையின் கன்னத்துப் பருக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு பரு. எண்ணிவிட்டுத்தான் அழிப்பேன், அது என் கெட்ட பழக்கம்.

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் ஊன்றுதடி, இன்னொரு கையில் சுருட்டிய காலண்டர். வலது கால் மடங்காமல் விறைப்பாகவே வந்தது. உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. காலண்டரை என் மேசைமேல் விரித்து, ஒரு மூலையில் என் தண்ணீர் பாட்டிலையும் இன்னொரு மூலையில் என் டிபன் பாக்ஸையும் எடுத்து வைத்தார்.

அது நான் எடுத்த படம். கல்வராயன் மலைச் சரிவு ஒன்று, ஐப்பசிப் பச்சை, நடுவில் பத்துப் பதினைந்து வீடுகள், மேலே பனி. அடியில் பொடி எழுத்தில் ஸ்டூடியோ பெயரும் 'படம்: தேன்மொழி' என்றும் இருக்கும். என் பெயர் அச்சில் வந்த முதல் படம் அது.

"இது நீங்க புடிச்ச போட்டோவாம்மா?" என்றார்.

பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஆமாம் என்றேன். வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும்.

"இதுல எங்கூரு கரண்டு கம்பம் எங்கம்மா?"

அடுத்து நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது. "அதெல்லாம் நான்தாங்கணா அழிச்சேன். ரெண்டு நாள் வேல. எங்க இருந்துச்சுன்னு உங்களால கண்டுபுடிக்க முடியுதா பாருங்க."

அவர் குனிந்தார். ஆள்காட்டி விரலைச் சரிவின் அடியில் வைத்தார். ஒண்ணு என்றார். கொஞ்சம் மேலே நகர்த்தி, ரெண்டு. அப்படியே பச்சை வழியாக விரல் ஏறியது. ஏழாவது இடத்தில் சற்று நின்றது. பதினொன்றில் வீடுகளுக்குப் பக்கத்தில் போய் முடிந்தது. அழித்தவளான எனக்குத் தெரியும், ஒரு கம்பத்தின் இடத்தைக்கூட அவர் தப்பவிடவில்லை.

பனியில் நின்ற வடக்கனந்தல் பெண்

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும்.

நான் நைனார்பாளையத்து விவசாய வீட்டுப் பெண். மக்காச்சோளமும் மரவள்ளியும் பார்த்து வளர்ந்தவள். கேமரா எப்படிக் கைக்கு வந்தது என்பதை இந்தத் தொடரில் இரண்டு வாரத்துக்கு முன் எழுதிவிட்டேன், அம்மா திட்டியது உட்பட. சேகர் அண்ணன் ஸ்டூடியோவில் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. படம் எடுப்பது அவர், எடுத்ததைச் சரிசெய்வது நான். கறுப்பை மாநிறமாக்குவேன், தொப்பையை உள்ளே தள்ளுவேன், சண்டை போட்டுக்கொண்டு வராமல் போன சித்தப்பாவைப் பழைய படத்திலிருந்து வெட்டிக் குடும்பத்தோடு நிற்க வைப்பேன்.

அதிலும் பின்னணி மாற்றுவதில் எனக்கு நல்ல பெயர். எங்கள் ஊர் ஜோடிகள் எல்லாருக்கும் வெளிநாட்டுப் பனிமலை வேண்டும். வடக்கனந்தலில் கரும்புத் தோட்டத்தில் எடுத்த பெண்ணைக் கரும்பிலிருந்து பிரித்து, முழங்கால் ஆழப் பனியில் நிறுத்தினேன். ஆல்பம் வாங்க வந்த மாமியார் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இம்மாங் குளுர்ல பொண்ணுக்கு ஒரு சால்வ கூடவா இல்ல?" என்றார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. அண்ணன் சாயங்காலம் வரை சிரித்தார்.

எனக்கு மட்டும் அன்றைக்கு உறுத்தியது. வடக்கனந்தலில் நின்று திரும்பிப் பார்த்தால் கல்வராயன் மலை. அதை விட்டுவிட்டு, முகம் தெரியாத மலையைக் கொண்டுவந்து ஒட்டுகிறோமே என்று. சின்னசேலத்து விதைக்கடைக்காரர் ஒருவர் காலண்டர் போட வந்தபோது நான் அதையே சொன்னேன். சாமி படம் வேண்டாம், பனிமலை வேண்டாம், நம்ம மலையைப் போடுங்கள், நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். மனுஷன் ஒத்துக்கொண்டார்.

கம்பி என்றால் கை அரிக்கும்

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஒரு திருப்பத்தில் எதிர்ச்சரிவில் பனி விலகி இந்த ஊர் தெரிந்தது. கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கிவிட்டேன். ரோட்டோரப் பாறைமேல் ஏறி நின்று ஒன்றரை மணி நேரம் எடுத்தேன். அடுத்த பஸ்ஸில் கீழே வந்துவிட்டேன். நடுவில் ஒரு ஓடை ஓடுகிறது. அதைத் தாண்டி அந்த ஊருக்குள் நான் கால் வைக்கவே இல்லை.

ஸ்டூடியோவில் படத்தைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது கம்பங்கள்தான். சிமெண்ட் கம்பம் ஒவ்வொன்றாகச் சரிவில் ஏறிக்கொண்டே போனது, கூடவே கம்பி. சனியன், எங்கே போனாலும் இது ஒன்று என்று சொல்லிக்கொண்டேன்.

எடிட்டிங் வேலை செய்கிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இயற்கைக் காட்சி என்றால் கம்பி இருக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஸ்டாம்ப் டூல் என்று ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கிற வானத்தில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துக் கம்பியின்மேல் வைத்து மறைப்பது. பக்கத்துப் பச்சையைக் கிள்ளிக் கம்பத்தின்மேல் வைப்பது. கம்பியைப் பார்த்தால் கை தானாக அரிக்கும். பதினொரு கம்பத்தையும் இரண்டு நாளில் காலி பண்ணினேன். பச்சையை ஏற்றினேன், பனியைக் கொஞ்சம் கெட்டியாக்கினேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, சினிமாக்காரன் தோற்றான் போ என்றார்.

காலண்டர் அச்சானது. விதைக்கடைக்காரர் மலையிலிருந்து சாமை விதை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார். அப்படித்தான் அந்த ஊருக்கே அது போய்ச் சேர்ந்தது.

இருபது தோள்

அவர் பெயர் சின்னப்பையன். நாற்காலியில் உட்கார்ந்து, டீ வந்த பிறகுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஊருக்கு ரோடு கிடையாது. ஓடை வரைக்கும்தான் வண்டி வரும், அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. கரண்ட் வருகிறது என்று ஆனபோது லாரி கம்பங்களை ஓடைக் கரையில் இறக்கிவிட்டது. மேலே ஏற்ற வண்டி ஏறாது. நாங்களே தூக்குகிறோம் என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். கயிற்றில் கம்பத்தைக் கட்டி, குறுக்கே ஐந்து மூங்கில் கொடுத்து, ஒரு மூங்கிலுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். ஆக இருபது தோள். ஒரு நாளைக்கு ஒரு கம்பம்தான் முடியும். பெண்கள் முன்னால் போய்ப் பாதையில் கல் பொறுக்கிப் போட்டார்கள். மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை.

ஏழாவது கம்பம் பாறை வளைவில் ஏறும்போது முன்னால் போனவர் ஒருவருக்குக் கால் வழுக்கியது. கம்பம் சரிந்தது. மற்றவர்கள் எகிறிக் குதித்துவிட்டார்கள். சின்னப்பையன் பாறைப் பக்கம் இருந்ததால் குதிக்க இடமில்லை. கம்பம் அவர் முழங்கால்மேலேயே விழுந்தது. போர்வையில் தூளி கட்டிக் கீழே கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். கால் பிழைத்தது, மடங்குவது மட்டும் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாராம், எத்தனை ஆச்சு என்று. எட்டு என்றார்கள். ஒன்பது என்றார்கள். அவர் வீடு திரும்புவதற்கு மூன்று நாள் முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் கம்பி இழுத்தாகிவிட்டது. ஆனால் ஒருவரும் சுவிட்ச் போடவில்லை. அவர் வந்து போட்ட பிறகுதான் மற்ற வீடுகளில் போட்டார்கள். சொல்லும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார். நான்தான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு காலண்டர் தொங்குகிறது. அதில் கம்பமே இல்லை. பெரியவர்கள் படம் அழகாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டார்கள். இளவட்டங்கள் விடுவார்களா? அவருடைய மச்சான் முறைக்காரர் ஒருவர், கம்பமே இல்லியே, நீ காலை எங்க வுட்டுட்டு வந்த என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம்.

"நான் சண்ட போட வர்லம்மா. பதினொண்ணும் நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேணும். அவ்ளோதான்," என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை, பழைய படத்தை எடுத்து அப்படியே பிரிண்ட் போட்டுவிடலாம் என்று கம்ப்யூட்டரில் தேடினேன். பழைய படம் கிடைக்கவில்லை. கார்த்திகை முகூர்த்த நெருக்கடியில் இடம் போதாமல், வேலை முடிந்த ஃபோல்டர்களை நானே உட்கார்ந்து டெலீட் செய்திருந்தேன். அச்சுக்குப் போன படம் மட்டும் இருந்தது. கம்பம் இருந்த படம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

சேகர் அண்ணன் சொன்ன வழி

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மாதத்தில் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே வழி சொல்லிவிட்டார். "இதுக்கா இம்மாம் யோசன? வேற கம்பத்த எடுத்து ஒட்டு. கம்பம் கம்பந்தான, அதுல இன்னா மூஞ்சியா இருக்குது?"

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. சித்தப்பாவையே ஒட்டினவளுக்குக் கம்பம் எம்மாத்திரம்? சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்பத்தை நாலு கோணத்தில் எடுத்துவந்தேன். காலண்டர் படத்தில் அவர் விரல் வைத்த இடங்கள் எனக்கு மறக்கவில்லை. கீழே பெரிதாக, மேலே போகப்போகச் சிறிதாக, பதினொன்றையும் நிறுத்தினேன். நிழல் போட்டேன். கம்பி இழுத்தேன். பனிக்குள் இருக்கிற கம்பங்களுக்கு மேல் கொஞ்சம் பனியையும் பூசினேன். என் கண்ணுக்கே குறை தெரியவில்லை. லேமினேஷன் போட்டு, மாசி மாதம் நானே எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

இந்த முறை ஓடையைத் தாண்டினேன். முட்டி அளவுத் தண்ணீர், ஐஸ் மாதிரி. பாதை செங்குத்து. கேமராப் பை மட்டும் சுமந்த எனக்கே மூன்றாவது கம்பத்தில் மூச்சு வாங்கிவிட்டது. கம்பத்தைத் தொட்டுப் பார்த்தேன். இதையா தூக்கினார்கள் என்று இருந்தது.

பகலில் எரிந்த பல்பு

அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மனைவி காசியம்மா முதலில் செய்த காரியம் சுவிட்ச் போட்டது. நடுப்பகல், வாசல் வழியாக வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் பல்பும் எரிந்தது. கரண்ட் வந்ததிலிருந்து அந்த ஊரில் அப்படித்தானாம். விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுக்கும் முன் விளக்கைப் போட்டுவிட வேண்டும். போகும்போதுதான் அணைப்பார்கள். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் படத்தைப் பிரித்துக் கொடுத்தேன். சின்னப்பையன் அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு விரலால் எண்ணினார். ஏழில் விரல் நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"ஏழாவது நேரா நிக்குது," என்றார்.

காசியம்மாவும் குனிந்து பார்த்தார். ஆமாம் என்றார். எனக்கு விளங்கவில்லை. வெளியே கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஏழாவது கம்பம் நிற்கிற இடம் பாறை. குழி நேராக இறங்கவில்லை, அதனால் கம்பம் கிழக்கே கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வருகிற போகிறவர்களுக்குத் தெரியாது. அந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"இது எங்கூரு கம்பம் இல்லம்மா," என்று படத்தை என்னிடமே கொடுத்தார்.

திட்டவில்லை. ஏமாற்றினாயே என்று கேட்கவில்லை. நான் அங்கேயே பாறைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பழைய படத்தை நானே டெலீட் செய்ததை, சின்னசேலம் கம்பத்தை ஒட்டியதை, சொல்லப் பயந்ததை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அதான் கம்பம் இங்கியே இருக்குதே, மறுபடி எடுத்தா ஆச்சு என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை என்றால் நம்புவீர்களா? ரிப்பேர் செய்தே பழகிய புத்தி, எடுக்கலாம் என்று யோசிக்கவில்லை.

ஐப்பசி வரட்டும், பச்சை வந்துவிடும், அப்போது எடுக்கிறேன் என்றேன். பச்சை எதுக்கும்மா, கம்பந்தான வேணும் என்றார்.

பங்குனி வெளிச்சம்

நடுப்பகல் வெயிலில் எடுக்க மனமில்லாமல் அன்று திரும்பிவிட்டு, பங்குனியில் மறுபடி போனேன். முந்தின நாளே போய் அவர்கள் வீட்டில் தங்கிவிட்டேன். விடிந்ததும் ஓடையைத் தாண்டி, ரோட்டோரப் பாறைக்கு வந்து ஸ்டாண்டை நிறுத்தினேன். இந்த முறை ஒரே படமாக இல்லை. தூரத்தைக் கிட்டே கொண்டுவரும் லென்ஸ் போட்டு, சரிவைப் பக்கம் பக்கமாக ஆறு துண்டாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பதாகத் திட்டம். அப்போதுதான் கம்பங்கள் பெரிதாகத் தெரியும்.

ஏழாவது கம்பத்தடியில் வந்து நில்லுங்கள் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அது எவ்வளவு முட்டாள்தனம் என்று அங்கே நின்ற பிறகுதான் புரிந்தது. வீடு இருப்பது பதினோராவது கம்பத்துக்குப் பக்கத்தில். அவர் அங்கிருந்து தடி ஊன்றி, விறைத்த காலை வைத்துக்கொண்டு இறங்கி வர வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குக் கஷ்டம்.

சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. கம்பங்களின் ஒரு பக்கம் அருமையாக மினுங்கியது. இந்த வெளிச்சம் அரை மணி நேரம்தான் நிற்கும். அவர் பத்தாவது கம்பத்தில் நின்று மூச்சு விட்டார். எனக்குக் கோபமாக வந்தது. கொஞ்சம் சீக்கிரம் வரக் கூடாதா என்று வாய்விட்டே சொன்னேன், நல்லவேளை பள்ளத்தாக்கு நடுவில் இருந்தது. சொன்ன மறு நிமிஷம் வெட்கமாகிவிட்டது. யாரைப் பார்த்து என்ன சொல்கிறாய் தேன்மொழி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவர் வந்து சேர்வதற்குள் வானம் வெளுத்துவிட்டது. பங்குனி வானத்தை உங்களுக்குத் தெரியுமே, துவைத்த வேட்டி மாதிரி இருக்கும். மலை முழுக்கக் காவி நிறம். கம்பிகள் கண்ணுக்கே தெரியவில்லை. இருந்தாலும் அவர் கம்பத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நேராக நின்றார். நான் எடுத்தேன்.

இருந்தது, தெரியவில்லை

அடுத்த வாரம் அவரை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னேன். இந்தப் படத்தை அவர் பக்கத்தில் இல்லாமல் தொடுவதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம். சேகர் அண்ணன் அவருக்கு மாப்பிள்ளைகள் உட்காரும் சிவப்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

ஆறு துண்டையும் சேர்த்ததும் படம் திரையில் வந்தது. மங்கலாக, உயிரே இல்லாமல் இருந்தது. முதலில் மங்கலைக் கொஞ்சம் விலக்கினேன். கை பழக்கதோஷத்தில் பச்சையை ஏற்றியது. காவி மலை லேசாகத் துளிர் விட்டது.

"இது எந்த மாசம்மா?" என்று கேட்டார் சின்னப்பையன் அண்ணன்.

பங்குனி என்றேன். பங்குனியில எங்க மலை இப்டி இருக்காது என்றார். பச்சையை இறக்கினேன். சேகர் அண்ணன் பின்னாலிருந்து பெருமூச்சு விட்டார்.

பிறகு கம்பிக்கு வந்தேன். முதல் கம்பத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே வெளுத்துப்போன மலைதான் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கி, வெளுப்பை மட்டும் கொஞ்சம் அடக்கினேன். அப்போது தெரிந்தது, முடி அளவுக்குச் சாம்பல் கோடு ஒன்று. கம்பி அங்கேதான் இருந்திருக்கிறது, வெளிச்சம் அதை விழுங்கியிருந்தது. நாற்காலியிலேயே துள்ளிவிட்டேன்.

சின்ன பிரஷ் எடுத்து, அந்தக் கோடு போகிற வழியே மட்டும் போய் ஒரு இழை இருட்டாக்கினேன். எதையும் புதிதாக வரையவில்லை. இருப்பதைக் கொஞ்சம் அழுத்தினேன், அவ்வளவுதான். கம்பங்களின் வெயில் பக்கத்துக்கு ஒரு சொட்டு வெளிச்சம், நிழல் பக்கத்துக்கு ஒரு சொட்டு இருட்டு. பன்னிரண்டு வருஷமாகக் கம்பியை அழித்தே பேர் வாங்கிய கை, அன்று காலையிலிருந்து மத்தியானம் வரை கம்பியைத் தேடித் தேடி வெளியே கொண்டுவந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாண ஆல்பத்தில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

பதினொன்றும் நின்றன. ஏழாவது சாய்ந்து நின்றது. அவர் விரலைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய், தொடாமல் எண்ணினார். பதினொன்று வரை போனார். சேகர் அண்ணனும் அவர் பின்னால் நின்று கூடவே எண்ணினார்.

பிரிண்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். இரும்மா என்றார். ஏழாவது கம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கம்பத்தில் ஒரு கை வைத்தபடி அவர் நின்றிருந்தார். இன்னொரு கையில் தடி.

"இந்தத் தடிய எடுக்க முடியுமா?"

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இந்தப் படத்தில் ஒரு துரும்பைக்கூட அழிப்பதில்லை என்று நான் சபதம் செய்திருந்தேன். அது இருக்கட்டுமே, அதுதானே நிஜம் என்று இழுத்தேன்.

"கம்பம் தெரியணும்மா, காலு தெரிய வேணாம். அத தூக்கறப்போ நான் ரெண்டு கால்லதான் நின்னுக்கினு இருந்தேன்."

ஸ்டாம்ப் டூலை எடுத்தேன். பக்கத்துப் பாறையிலிருந்து பொடிப் பொடியாகக் கிள்ளி, தடியின்மேல் வைத்தேன். நாலு நிமிஷ வேலை. முக்கால் மணி நேரம் செய்தேன். அவர் வேட்டி ஓரத்தில் ஒரு இழைகூடக் கெட்டுவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். முடித்தபோது அவர் யார் உதவியும் இல்லாமல் கம்பத்தடியில் நின்றிருந்தார்.

ஆனால் காலை வெயில். அவர் காலடிப் பாறையில் அவர் நிழல் விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தடியின் நிழல், மெல்லிய கோடாக.

"நெழலையும் எடுத்துடறேங்கணா. இல்லன்னா உத்துப் பாத்தா தெரிஞ்சிடும்," என்றேன்.

அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அது இருக்கட்டும்மா. உத்துப் பாக்கறவன் இது இன்னான்னு கேப்பான் இல்ல? கேட்டா சொல்றேன்."

நாலடி நீளத்தில் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, சேகர் அண்ணனும் நானுமே கொண்டுபோய்க் கொடுத்தோம். காசியம்மா விளக்கைப் போட்டு, அதன் வெளிச்சம் விழுகிற சுவரில் மாட்டினார். போன மாதம் சின்னப்பையன் அண்ணனோடு போனில் பேசினேன். இதுவரை நாலு பேர் அந்த நிழலைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்களாம். நாலு பேருக்கும் முதல் கம்பத்திலிருந்து சொல்லியிருக்கிறார்.